நெய்பர் நிலை ‘ஃபுல்’ என்றே நிற்கிறது, விடியற்காலையில் இணைப்பு தடைபடுகிறது: லேயர் 3 ஸ்விட்சில் ஓஎஸ்பிஎஃப் கண்காணிப்பு

கேள்வி: எல்லையோரத்தான்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பால் கொள்முதல் நிறுவனத்தின் வலையமைப்பை நான் பராமரித்து வருகிறேன். வேலந்தாவளத்திலும், தமிழ்நாட்டுப் பக்கம் கோபாலபுரத்திலும் எங்களுக்குக் கொள்முதல் நிலையங்கள் உள்ளன. மூன்று இடங்களிலும் பாக்கெட்டுகளுக்கு வழிகாட்டவும் தெரிந்த லேயர் 3 மேனேஜ்டு ஸ்விட்ச் வைத்து, அவை தங்களுக்குள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை கொண்டு எல்லாவற்றையும் ஏரியா 0 என்ற ஒரே ஏரியாவில் இணைத்திருக்கிறோம். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் தலைமையிடத்துக்கு இரண்டு பாதைகள் உண்டு. உள்ளூர் கேபிள் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த ஃபைபர் முதன்மைப் பாதை. 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மாற்றுப் பாதை.

சிக்கல் விடியற்காலைக் கொள்முதல் நேரத்தில் வருகிறது. பாலை ஊற்றி, கொழுப்பும் எஸ்என்எஃபும் (கொழுப்பல்லாத திடப்பொருள்) பார்த்து முடித்த பிறகு, அளவும் விலையும் அச்சாகி வரவேண்டிய சீட்டு வராமல் நின்றுவிடுகிறது. அரை நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகி, தேங்கியிருந்த சீட்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதற்குள் கேனோடு நிற்பவர்களின் வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது. வேலந்தாவளத்தில் இது அடிக்கடி நடக்கிறது. கோபாலபுரத்தில் ஒருபோதும் நடப்பதில்லை.

ஸ்விட்சின் இணையப் பக்கத்தைத் திறந்தால் ஓஎஸ்பிஎஃப் ‘எனேபிள்டு’ என்று பச்சையாகக் காட்டுகிறது. கட்டளை வரியில் பார்த்தால் ஃபைபர் வழி நெய்பரும் (ஓஎஸ்பிஎஃப் பேசும் எதிர்முனை ஸ்விட்ச்) ரேடியோ வழி நெய்பரும் ‘ஃபுல்’ (வழித்தகவல் முழுதும் பரிமாறி முடித்த) நிலையில் உள்ளன. பதிவேட்டில் நெய்பர் விழுந்ததாக ஒரு வரியும் இல்லை. எங்கள் கண்காணிப்பு மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்கிறது. அதுவும் எல்லாம் நலம் என்கிறது. இப்போது ஆடிக் காற்று கடுமையாக வீசுவதால் ரேடியோ கம்பம் ஆடி இப்படி ஆகிறது என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஓஎஸ்பிஎஃப் உண்மையிலேயே நலமாக இருக்கிறதா என்பதை அறிய எதை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.

மறுமொழி: ஆனைமலையான்

வணக்கம் சார். உங்கள் விவரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் அந்தப் பச்சை விளக்கை மறந்துவிடுங்கள். ‘எனேபிள்டு’ என்பது நீங்கள் ஸ்விட்சுக்குக் கொடுத்த உத்தரவைத்தான் காட்டுகிறது. எதிர்முனை பேசுகிறதா, வழிகள் வந்து சேர்ந்தனவா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கக் கேபிளையும் பிடுங்கிப் போட்டாலும் அது பச்சையாகத்தான் இருக்கும்.

‘ஃபுல்’ என்பது அதைவிட மேலான செய்தி. ஆனாலும் அதையும் அப்படியே நம்பக்கூடாது. ஓஎஸ்பிஎஃபின் இரண்டாம் பதிப்பு 1998-இல் வெளியான ஆர்எஃப்சி 2328 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஈத்தர்நெட் இடைமுகத்தில் வழக்கமான அமைப்பு, 10 வினாடிக்கு ஒரு ஹலோ (‘உயிரோடு இருக்கிறேன்’ என்னும் செய்தி) அனுப்புவதும், 40 வினாடி வரை எதிர்முனையிலிருந்து ஹலோ ஏதும் வராவிட்டால் அந்த நெய்பர் இறந்துவிட்டதாகக் கொள்வதும் ஆகும். அந்த 40 வினாடி முடியும்வரை நிலை ‘ஃபுல்’ என்றே காட்டும். ரவுட்டிங் அட்டவணையும் செத்துப்போன பாதையிலேயே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தக் காலக்கெடு முடிந்து நெய்பர் விழுந்த பிறகுதான் போக்குவரத்து ரேடியோவுக்கு மாறும். ஆகவே பயனாளிக்குத் தடங்கல் ஏற்படும் நேரத்தில் நிலை ‘ஃபுல்’ என்று இருக்கும். நிலை ‘டவுன்’ ஆகும்போது பயனாளிக்கு வேலை மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும். நிலையை மட்டும் பார்த்துக் கண்காணிப்பவர்கள் அனைவரும் தடுமாறும் இடம் இது.

உங்கள் தடங்கல் அரை நிமிடம்தான் என்கிறீர்கள். அப்படியானால் 40 வினாடி ஆவதற்குள் ஃபைபர் மீண்டுவிடுகிறது என்பதே என் கணிப்பு. ஒரு ஹலோ வந்து சேர்ந்ததும் கடிகாரம் மறுபடி 40-க்குப் போய்விடும். நெய்பர் விழவே இல்லை. எனவே பதிவேட்டில் வரியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, மாற்றுப் பாதைக்கு மாறவும் இல்லை. ஓஎஸ்பிஎஃபைப் பொறுத்தவரை அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

ஃபைபர் அறுந்தால் ஸ்விட்சின் போர்ட் விழுந்து, நெய்பரும் உடனே விழுந்துவிட வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் ஸ்விட்சிலிருந்து நேராக எதிர் ஸ்விட்சுக்கே இழை போனால் அப்படித்தான் நடக்கும். வாடகை ஃபைபரில் நடுவே மீடியா கன்வெர்ட்டரோ (ஒளி இழையையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) அந்த நிறுவனத்தின் ஸ்விட்சோ இருக்கும். நடுவில் எது கெட்டாலும் உங்கள் போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரேடியோவுக்கும் இதே கதைதான்: உங்கள் போர்ட்டில் செருகியிருப்பது ரேடியோ பெட்டிக்குப் போகும் கேபிள், காற்றில் இணைப்பு போனாலும் கேபிள் போவதில்லை.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ என்ற கட்டளையின் வெளியீட்டில் ‘டெட் டைம்’ என்று ஒரு நிரல் இருக்கும். பெரும்பாலான நிறுவனங்களின் ஸ்விட்சுகளில் கட்டளை இதுவே அல்லது இதற்கு நெருங்கியது. அந்த எண் 40-இலிருந்து இறங்கி, ஒவ்வொரு ஹலோ வரும்போதும் மேலே தாவும். நலமான இணைப்பில் அது 30-க்கும் 40-க்கும் இடையிலேயே ஆடிக்கொண்டிருக்கும். 30-க்குக் கீழே இறங்கினால் ஒரு ஹலோ தவறிவிட்டது என்று பொருள். 20-க்குக் கீழே போனால் இரண்டு தவறிவிட்டன. நாளைக் காலை கொள்முதல் நேரத்தில் தலைமையிட ஸ்விட்சில் இந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஃபைபர் நெய்பரின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருங்கள். கூடவே ஒரு கணினியிலிருந்து, ஃபைபர் இணைப்பின் எதிர்முனை முகவரிக்கு வினாடிக்கு ஒரு பிங் நேரக் குறியோடு ஓடட்டும். நிலையத்துச் சர்வரின் முகவரிக்கோ எந்தப் போர்ட்டையும் சாராத ஸ்விட்சின் லூப்பேக் முகவரிக்கோ அல்லாமல், அந்த இணைப்புக்கென்றே கொடுத்துள்ள முகவரிக்குச் செய்ய வேண்டும். மற்ற முகவரிகளுக்கான பிங், எந்தப் பாதை உயிரோடு இருக்கிறதோ அதன் வழியே போய்த் திரும்பிவிடுவதால், ஒரு பாதையின் நலம் அதில் தெரியாது.

காற்றைப் பற்றி ஒரு சொல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸில் சில கிலோமீட்டர் தூரத்துக்கு மழை பெரிய தடை ஆகாது. மழையில் பலவீனப்படுவது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளே. ஆடும் கம்பமும், பார்வைக் கோட்டில் வளர்ந்துவிட்ட கரும்பனையின் நனைந்த ஓலையும்தான் கெடுக்கும். அது இருக்கட்டும், உங்கள் ரேடியோ மாற்றுப் பாதை. முதன்மைப் பாதை பிடிவாதமாக அட்டவணையில் நிற்கும்போது, மாற்றுப் பாதையின் கோளாறு சீட்டை நிறுத்த முடியாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: இரண்டு பாதைகளுக்கும் காஸ்ட் (பாதையின் செலவு எண்; குறைந்ததே தேர்வாகும்) சமமாக இருந்தால் ஓஎஸ்பிஎஃப் இரண்டிலும் போக்குவரத்தைப் பங்கிட்டுவிடும். காஸ்ட் கணக்கிடும் அடிப்படை வேகம் பல ஸ்விட்சுகளில் 100 மெகாபிட் என்றே வருகிறது. அதை மாற்றாவிட்டால் 100 மெகாபிட் இடைமுகத்துக்கும் 1 கிகாபிட் இடைமுகத்துக்கும் காஸ்ட் ஒன்றாகவே அமையும். முதலில் அதைப் பாருங்கள்.

மறுமொழி: எல்லையோரத்தான்

ஆனைமலையான் சார், மிக்க நன்றி. காஸ்ட்டைப் பார்த்தேன், ரேடியோவுக்கு முன்பே 100 என்று கையால் கொடுத்திருக்கிறோம், ஃபைபருக்கு 1. எனவே பங்கீடு இல்லை.

நீங்கள் சொன்னபடி விடியற்காலையில் பார்த்தேன். டெட் டைம் எண் 38, 31, 39 என்று ஆடிக்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று 29, 24, 17 என்று இறங்கிக்கொண்டே போய், ஒற்றை இலக்கத்தைத் தொட்டுவிட்டு மறுபடி 40-க்குத் தாவியது. அதே நேரத்தில் ஃபைபர் முகவரிக்கான பிங் ஏறத்தாழ 30 வினாடிக்குப் பதிலே இல்லாமல் நின்றது. நிலை மட்டும் கடைசிவரை ‘ஃபுல்’. ரேடியோ முகவரிக்கான பிங்கில் ஒன்றும் தவறவில்லை. காற்றின் மேல் போட்ட பழி நீங்கிவிட்டது.

இதை ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்க்க முடியாது. கண்காணிப்பு மென்பொருளில் எஸ்என்எம்பி (கருவிகளிடம் எண்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) மூலம் தானாகப் பதிவாகும்படி செய்ய எந்த எண்களைக் கேட்க வேண்டும்?

மறுமொழி: செங்கோட்டைக்காரர்

நாங்கள் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலை தாண்டி ஃபைபர் இழுத்து வைத்திருப்பதால், இந்தக் கேள்வி எங்களுக்கு அன்றாட வேலை. எஸ்என்எம்பி பற்றி நான் சொல்கிறேன்.

ஓஎஸ்பிஎஃபுக்கென்று பொதுவான எம்ஐபி (எஸ்என்எம்பியில் கேட்கக்கூடிய எண்களின் பட்டியல்) ஒன்று உண்டு. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4750 அதை விவரிக்கிறது. அதன் வேர் எண் 1.3.6.1.2.1.14. உங்களுக்கு முதன்மையாக வேண்டியவை நெய்பர் அட்டவணையில் உள்ளன. 1.3.6.1.2.1.14.10.1.6 நெய்பரின் நிலையைத் தரும். டவுன் 1, அட்டெம்ப்ட் 2, இனிட் 3, டூ-வே 4, எக்ஸ்சேஞ்ச் ஸ்டார்ட் 5, எக்ஸ்சேஞ்ச் 6, லோடிங் 7, ஃபுல் 8. அதற்கு அடுத்த எண்ணான 1.3.6.1.2.1.14.10.1.7, அந்த நெய்பர் உறவு எத்தனை முறை நிலை மாறியது அல்லது பிழை கண்டது என்பதை எண்ணிக்கொண்டே வரும். நான் முதலிடம் கொடுப்பது இந்த எண்ணிக்கைக்குத்தான். இரண்டு வினவல்களுக்கு இடையே விழுந்து எழுந்த நெய்பர், நிலையில் எட்டாகவே தெரியும். எண்ணிக்கையில் தப்ப முடியாது. அடுத்த 1.3.6.1.2.1.14.10.1.8 மறுபடி அனுப்பக் காத்திருக்கும் வரிசையின் நீளம்; அது நெடுநேரம் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றால், பாதையில் பாக்கெட்டுகள் தொலைகின்றன என்று கொள்ளலாம். ஏரியா அட்டவணையில் உள்ள 1.3.6.1.2.1.14.2.1.4, எஸ்பிஎஃப் என்ற குறும்பாதைக் கணக்கு எத்தனை முறை ஓடியது என்று சொல்லும். உங்களைப் போன்ற சிறிய, அமைதியான வலையமைப்பில் அந்த எண் திடீரென்று வேகமாக ஏறினால், எங்கோ ஒரு வழி வந்து வந்து போகிறது.

இப்போது பலரும் விழும் குழியைச் சொல்கிறேன். எச்சரிக்கை விதியை ‘நிலை 8 அல்லாவிட்டால் மணி அடி’ என்று எழுதி வைத்திருப்பார்கள். நெய்பர் விழுந்தால் பல ஸ்விட்சுகளில் மதிப்பு 1 என்று வராது. அந்த வரிசையே அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். கேட்ட மென்பொருளுக்கு ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். மதிப்பே வராததால் விதியும் வேலை செய்யாது, மணியும் அடிக்காது. எனவே ‘மதிப்பு வரவில்லை’ என்பதற்கும் தனியாக ஒரு விதி எழுதுங்கள். நெய்பர் மறுபடி எழும்போது மாற்ற எண்ணிக்கை சிறிய எண்ணிலிருந்து தொடங்கக்கூடும் என்பதால், எண்ணிக்கை குறைந்தாலும் எச்சரிக்கை வர வேண்டும்.

உங்களுக்கு வேண்டிய டெட் டைம் இந்த எம்ஐபியின் நெய்பர் அட்டவணையில் இல்லை. ஆகவே 40 வினாடிக்கு உட்பட்ட தடங்கலை ஓஎஸ்பிஎஃப் எம்ஐபி கொண்டு மட்டும் பிடிக்க முடியாது. அதற்கு ஆனைமலையான் சொன்ன இணைப்பு முகவரி பிங்கே சரி. இரண்டு வினாடிக்கு ஒன்று என்று ஓடவிட்டு, தொடர்ந்து மூன்று தவறினால் பதிவு செய்யச் சொல்லுங்கள். மேலே சொன்ன எண்களை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். இரண்டு மூன்று நெய்பர் உள்ள ஸ்விட்சுக்கு அது சுமையே இல்லை. சுமையாவது முழு ரவுட்டிங் அட்டவணையையும் ஒவ்வொரு முறையும் நடந்து படிப்பது. சிறிய ஸ்விட்சுகளின் சிபியு அதற்குத்தான் திணறும்.

கேட்காமலே ஸ்விட்ச் தானாக அனுப்பும் டிராப் செய்திகளையும் இயக்கி வையுங்கள். நெய்பர் நிலை மாறினால் வருவது 1.3.6.1.2.1.14.16.2.2. ஆனால் டிராப் யுடிபி 162 போர்ட்டில் போகும் ஒருவழிச் செய்தி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. பாதை கெட்ட நேரத்தில், அந்தப் பாதையிலேயே அனுப்பிய டிராப்பும் சேர்ந்து தொலையும். ஸ்விட்ச் இடம் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கும் ‘இன்ஃபார்ம்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். எஸ்என்எம்பிக்குக் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி சொல் ‘பப்ளிக்’ என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றி, முடிந்தவரை எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்புக்குப் போய்விடுங்கள். மூன்று ஸ்விட்சுகளின் கடிகாரமும் ஒரே என்டிபி சர்வரிடமிருந்து நேரம் எடுக்கட்டும்; இரண்டு முனைகளின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்க முடியாவிட்டால் பதிவு இருந்தும் பயனில்லை.

மறுமொழி: நகரிவாசி

ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் நாங்கள் விசைத்தறிக் கூடங்களை இணைத்திருப்பது சிறிய ஸ்விட்சுகளில். அவற்றில் ஓஎஸ்பிஎஃப் இல்லை; ரிப் என்ற பழைய வழிகாட்டு நெறிமுறையின் இரண்டாம் பதிப்புதான். இதைப் படிப்பவர்களில் ரிப் வைத்திருப்பவர்களும் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். ரிப்பில் ‘ஃபுல்’ போன்ற நெய்பர் நிலை ஏதும் இல்லை. 30 வினாடிக்கு ஒருமுறை முழு அட்டவணையும் வரும். 180 வினாடி வராவிட்டால்தான் அந்த வழி செல்லாது என்று குறிக்கப்படும். எனவே பார்க்க வேண்டியது ஒவ்வொரு வழிக்கும் எதிரே உள்ள வயதை. அது 30-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எதிர்முனை பேசவில்லை. கேள்வி கேட்ட நண்பரின் 40 வினாடியே நீளம் என்றால், எங்களுக்கு மூன்று நிமிடம்.

மறுமொழி: எல்லையோரத்தான்

இருவருக்கும் நன்றி. பிங் பதிவையும் டெட் டைம் இறங்கிய நேரத்தையும் ஒரே தாளில் எழுதி ஃபைபர் கொடுத்தவர்களிடம் காட்டினேன். அதற்கு முன்பெல்லாம் ‘எங்கள் பக்கம் லிங்க் விழவே இல்லை’ என்றவர்கள், இந்த முறை தங்கள் ஸ்விட்சுகளைத் திறந்து பார்த்தார்கள். வேலந்தாவளத்துக்கு வரும் பாதையில் அவர்களுடைய ஸ்விட்சுகள் வளையமாக இணைக்கப்பட்டுள்ளன. பாக்கெட்டுகள் வளையத்தில் சுற்றிக்கொண்டே இராதபடி ஒரு போர்ட்டை அடைத்து வைக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ அதில் ஓடுகிறது. ஓரிடத்தில் விடியற்காலையில் இன்வெர்ட்டரிலிருந்து மின்வாரிய மின்சாரத்துக்கு மாறும்போது ஒரு ஸ்விட்ச் அணைந்து எரிகிறது. வளையம் மறுபக்கம் திரும்புகிறது. கோபாலபுரத்துப் பாதை அந்த வளையத்தில் இல்லை.

அந்த வளையத்தில் வேகமான ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீக்கு மாற அவர்கள் ஒப்புக்கொண்டுள்ளார்கள். எப்போது என்று சொல்லவில்லை. அதுவரை எங்கள் பக்கம் ஹலோவை 1 வினாடியாகவும் டெட் நேரத்தை 4 வினாடியாகவும் குறைக்கலாமா? இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று மிக விரைவாகச் சோதிக்கும் பிஎஃப்டி நல்லதா? வேலந்தாவளம் ஸ்விட்சை நான் தொலைவிலிருந்துதான் மாற்ற வேண்டும். பாதியில் பிடி நழுவிவிடுமோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி: ஆனைமலையான்

கணக்கு அப்படியே பொருந்துகிறது சார். பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஒரு போர்ட் லிசனிங்கில் 15 வினாடியும் லேர்னிங்கில் 15 வினாடியும் காத்திருந்த பிறகே பாக்கெட்டைக் கடத்தும். அந்த 30, உங்கள் 40-க்குள் அடங்கிவிட்டது. அவர்களுடைய காத்திருப்பு 50 வினாடியாக இருந்திருந்தால் உங்கள் நெய்பர் விழுந்திருக்கும். பதிவேட்டிலும் என்றோ தெரிந்திருக்கும்.

1, 4 என்று குறைக்கலாம். தடங்கல் நான்கு வினாடிக்குள் முடிந்து, போக்குவரத்து ரேடியோவுக்குப் போய்விடும். ஆனால் ஃபைபர் இடைமுகத்தில் மட்டும் செய்யுங்கள். ரேடியோவில் 10, 40 அப்படியே இருக்கட்டும். ஹலோ மல்ட்டிகாஸ்ட்டாக (பலருக்கும் ஒருசேர) 224.0.0.5 முகவரிக்குப் போவதால், சில ரேடியோக்கள் அதைச் சரியாகக் கடத்தாமல் அவ்வப்போது விட்டுவிடும். நேர எண்கள் ஓர் இணைப்பின் இரு முனைகளில் பொருந்தினால் போதும். எல்லா இணைப்புகளிலும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. பிஎஃப்டி இன்னும் விரைவானது, ஒரு வினாடிக்குள் கண்டுபிடித்துவிடும். ஆனால் சிறிய ஸ்விட்சுகளில் அதையும் சிபியுவே செய்வதால், சிபியு மும்முரமாக இருக்கும் நேரத்தில் இல்லாத கோளாறைக் காட்டி நெய்பரைத் தள்ளிவிடுகிறது. உங்களுக்கு நான்கு வினாடி போதும்.

மாற்றும் முறையைச் சொல்கிறேன். மாலைக் கொள்முதல் முடிந்த பிறகு தொடங்குங்கள். முதலில் ரேடியோ நெய்பர் ‘ஃபுல்’ என்பதையும், அதன் டெட் டைம் 30-க்குக் கீழே இறங்காததையும் சில நிமிடம் பாருங்கள். பிறகு தலைமையிட ஸ்விட்சுக்குள் நுழைந்து, அங்கிருந்தே வேலந்தாவளம் ஸ்விட்சின் ரேடியோ பக்க முகவரிக்கு எஸ்எஸ்எச் செய்யுங்கள். இரண்டும் நேரடியாக இணைந்த ஒரே சப்நெட் என்பதால், ஓஎஸ்பிஎஃப் என்ன ஆனாலும் அந்தப் பிடி போகாது. தொலைவிலுள்ள முனையை முதலில் மாற்றுங்கள். எண்கள் பொருந்தாததால் ஃபைபர் நெய்பர் சிறிது நேரத்தில் விழும், போக்குவரத்து ரேடியோவில் ஓடும். அடுத்துத் தலைமையிட முனையை மாற்றினால் மறுபடி ‘ஃபுல்’ ஆகும். ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்’ கட்டளையில் இரு முனையிலும் ஹலோ 1, டெட் 4 என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு ஸ்விட்சிலும் மறவாமல் சேமியுங்கள். ஒன்றில் மட்டும் சேமித்து, அடுத்த மின்வெட்டில் மற்றது 10, 40-க்குத் திரும்பிவிட்டால், ஃபைபர் நெய்பர் எழவே எழாது. கொள்முதல் முழுவதும் ரேடியோவில் ஓடும், செங்கோட்டைக்காரர் சொன்ன ‘மதிப்பு வரவில்லை’ விதி ஒன்றுதான் அதை உங்களுக்குச் சொல்லும்.